முன் அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும்?

போடி வட்டாரத்து வாலிபர்களைப் பார்த்து ஊர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது: "முன் அனுபவம் உண்டா?"

வெல்டிங் பட்டறைக்குப் போனாலும் இதே கேள்வி. ஜீப் ரிப்பேர் ஷெட்டுக்குப் போனாலும் இதே கேள்வி. மோட்டார் காயில் கட்டும் கடை, லேத்துப் பட்டறை, வயரிங் காண்ட்ராக்டர் வீடு - எங்கே போனாலும் இதே பல்லவிதான்.

"தம்பி, முன்னாடி எங்கயாச்சும் வேலை பாத்திருக்கியா?"

"இல்லண்ணே. ஐ.டி.ஐ. முடிச்சிருக்கேன். சர்டிபிகேட் இருக்கு."

"சர்டிபிகேட் இருக்கட்டும். கொஞ்சம் அனுபவம் வந்ததும் வா, பாப்போம்."

கேட்பதில் தப்பு இல்லை. தெரியாதவன் கையில் வெல்டிங் ராடைக் கொடுக்க எந்த முதலாளிக்கும் மனசு வராது. ஆனால் எல்லாக் கடைக்காரரும் அனுபவம் உள்ளவனையே தேடினால், அனுபவம் இல்லாத பையன் அதை எந்தக் கடையில் போய் வாங்குவான்? கிலோ என்ன விலை?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பொட்டிபுரத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் படித்த பையன் மறுபடியும் மலைக்கு ஜீப் ஏறுகிறான்.

பெயர் வாங்கிய ஊர்

பொட்டிபுரம் சின்ன ஊர்தான். ஆனால் உலகத்து விஞ்ஞானிகள் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வருவதாக இருந்த இடம் இது.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு அனுமதி தந்தது. அம்பரப்பர் மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோ மீட்டருக்குச் சுரங்கம். உள்ளே 50 ஆயிரம் டன் இரும்பில் ஒரு ராட்சதக் கருவி. இதுதான் திட்டம்.

மலைக்கு என்ன ஆகும், தண்ணீருக்கு என்ன ஆகும், ஆடு மாடு மேய்க்கும் இடம் என்ன ஆகும் என்று ஊர் பயந்தது. போராட்டம் நடந்தது. வழக்கும் நடந்தது. 2018-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தும் வேலை தொடங்கவில்லை. 2022 பிப்ரவரியில், இந்தத் திட்டம் வேண்டாம் என்று தமிழ்நாடு அரசு சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிவிட்டது. மலை அப்படியே இருக்கிறது.

திட்டம் நல்லதா கெட்டதா என்ற வழக்கை இங்கே மறுபடி விசாரிக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு.

50 ஆயிரம் டன் இரும்பைத் தூக்கி அடுக்கப் போகிறவர் பேராசிரியர் அல்ல. பிட்டரும் வெல்டரும் கிரேன் ஆபரேட்டரும்தான். காந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுக்க எலக்ட்ரீஷியன் வேண்டும். காற்றுக்குழாய் மாட்ட ஆள் வேண்டும். சுரங்கம் வந்திருந்தால் அந்த வேலைக்குப் பொட்டிபுரம் பையன் போயிருப்பானா?

போயிருக்க மாட்டான். மண் அள்ளவும் கேட்டில் வாட்ச்மேனாக நிற்கவும்தான் அவனைக் கூப்பிட்டிருப்பார்கள். ஏன்? "முன் அனுபவம்" இல்லையே!

நாளைக்கு இங்கே பெரிய தொழில் எது வந்தாலும் இதே கதைதான். தொழில் வருகிறதா என்பது ஒரு கேள்வி. வரும்போது நம் பையன் கையில் தொழில் இருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

விடியுமுன் கிளம்பும் ஜீப்

போடியிலும் சுற்றுப்பட்டிகளிலும் பொழுது விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்து ஏலத்தோட்டம். பெண்கள் காய் எடுக்க, ஆண்கள் களை வெட்ட, மருந்தடிக்க, மூட்டை தூக்க. பொழுது சாய்ந்தால் அதே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வீடு.

தோட்ட வேலை கேவலமான வேலை அல்ல. இந்த ஊரின் அடுப்பு எரிவதே ஏலக்காயால்தான். ஸ்பைசஸ் போர்டின் ஏல மையம் இரண்டே ஊரில் இருக்கிறது. ஒன்று கேரளத்துப் புற்றடி, இன்னொன்று போடி. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனபோது நாடே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு இரண்டே வருஷத்தில் கிலோ ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றதும் உண்மை.

விலை ஏறினால் தோட்டக்காரர் சிரிப்பார். விலை இறங்கினால் முதலில் குறைவது கூலியாளின் வேலை நாள். காய் எடுப்பும் வருஷம் முழுக்க இல்லை. ஆடியில் ஆரம்பித்தால் மாசி வாக்கில் ஓய்ந்துவிடும்.

ஆனாலும் பையன் மலைக்கே போகிறான். காரணம் ரொம்ப சாதாரணம். அங்கே யாரும் அனுபவம் கேட்பதில்லை. போன அன்றே வேலை. வேலை பார்த்தால் கையில் காசு. பட்டறையிலோ "மூணு மாசம் சும்மா வா, அப்புறம் பாக்கலாம்" என்கிறார்கள். வீட்டில் அரிசி வாங்க வேண்டியவன் மூணு மாசம் சும்மா வர முடியுமா?

பெற்ற தாய் என்ன சொல்லுவாள்? "படிச்சது போதும்டா, ஜீப்புக்கு நேரமாச்சு" என்றுதான் சொல்லுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆள் இல்லை என்கிறார்கள்!

வேடிக்கை என்னவென்றால், மறுபக்கம் பட்டறைக்காரர்களைக் கேட்டால் "கை உதவிக்கு ஆளே கிடைக்கல" என்று புலம்புகிறார்கள்.

அவர்கள் சொல்வதும் பொய் அல்ல. இந்த ஊரில் கைத்தொழிலுக்குப் பஞ்சமே கிடையாது. மலையேறும் ஜீப்புகளுக்குக் கிளட்சும் பிரேக்கும் ஓயாத வேலை. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் ஒவ்வொன்றிலும் உலர்த்தும் எந்திரம். பச்சைக்காய் ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ தேறும். சூடு கொஞ்சம் மிஞ்சினால் நிறம் போய்விடும். நிறம் போனால் விலை போய்விடும். அந்த எந்திரத்தின் குழாயை ஒட்டவைக்க வெல்டர் வேண்டும். மின்விசிறியைப் பார்க்க எலக்ட்ரீஷியன் வேண்டும்.

மருந்தடிக்கும் எந்திரம், களை வெட்டும் எந்திரம், பம்புசெட், ஜெனரேட்டர், சொட்டுநீர்க் குழாய் - அத்தனையும் பழுதாகக் கூடியவை. கீழே இலவம்பஞ்சு அரைக்கும் மில்லிலும் எந்திரம். காப்பிக்கொட்டை உடைப்பதும் எந்திரம். ஊர் முழுக்க எந்திரம் ஓடுகிறது. அதைத் தொட்டுப் பார்க்கப் பையனுக்கு இடம் இல்லை!

ரயிலும் வந்தாச்சு. 1928-ல் வந்த மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்று, அகலப்பாதை போட்டு, 2023 ஜூன் 15-ல்தான் மறுபடி போடிக்கு வந்தது. ரயில் வந்தால் ஊர் வளரும் என்கிறார்கள். வளரட்டும். ஆனால் அந்த ரயிலில் ஏறி நம் பையன் மெக்கானிக்காக வெளியூர் போகிறானா, மூட்டை தூக்கப் போகிறானா என்பதை யார் யோசிப்பது?

படிப்பு இருக்கிறது, படிக்கட்டுதான் இல்லை

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, புத்தகம், பஸ் பாஸ் என்று கொடுத்து வந்திருக்கிறார்கள். எட்டாவது படித்தவனும் வெல்டர், வயர்மேன் பிரிவில் சேரலாம். பத்தாவது தேறியவன் பிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர் படிக்கலாம். பெண்களுக்கு வயசு வரம்பே இல்லை. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-லும், பையன்களுக்கு அதே மாதிரித் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. இரண்டிலும் ஐ.டி.ஐ. படிப்பு உண்டு.

2022-ல் டாடா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புது எந்திரங்களோடு மாற்றி அமைக்க 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள்.

நல்லதுதான். ஆனால் ஐ.டி.ஐ. வாசலுக்கும் பட்டறை வாசலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குப் பெயர்தான் முதல் வருஷம்.

ஏற்கெனவே தொழில் செய்கிறவருக்குத் திட்டம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. சாதி பார்க்காத திட்டம் என்று சொல்லி, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில். 3 லட்சம் ரூபாய் வரை கடன்.

இரண்டில் எது உசத்தி என்று கட்சிக்காரர்கள் வாதாடட்டும். பொட்டிபுரம் பையனுக்கு இரண்டிலுமே இடம் இல்லை. முன்னது ஏற்கெனவே தொழிலில் இருப்பவருக்கு. பின்னது 35 வயசு ஆனவருக்கு. 18 வயசில் முதல் தடவையாக ஸ்பானரைக் கையில் எடுப்பவனுக்கு எது?

குலக்கல்வி போனது, பழக்கம் போகவில்லை

1953-ல் ராஜாஜி அரசு, பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் படித்துவிட்டு அரை நாள் வீட்டுத் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. "இது குலக்கல்வி" என்று தமிழகமே கொதித்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

தொழில் பழகுவது தப்பு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அப்பன் தொழில்தான் மகனுக்கு என்று கட்டிப்போடுவதைத்தான் எதிர்த்தார்கள்.

இன்றைக்கு நடப்பு என்ன? பட்டறை வைத்திருப்பவர் மகனுக்குப் பட்டறை இருக்கிறது. அவன் சின்ன வயசிலிருந்தே சத்தத்தைக் கேட்டுக் கேட்டே என்ஜின் கோளாறைச் சொல்லிவிடுவான். மச்சினன் மகனுக்கும் இடம் உண்டு. தெரிந்தவர் சிபாரிசு இருந்தாலும் நடக்கும். தோட்டக் கூலியின் மகனுக்கு யார் சிபாரிசு? அவன் அப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் கங்காணியையும் ஜீப் டிரைவரையும்தான்.

சட்டத்தில் குலக்கல்வி இல்லை. ஆனால் தெருவில் அது வேறு வேஷத்தில் நடமாடுகிறது. அப்பன் மலைக்குப் போனான், மகனும் மலைக்குப் போகிறான். இதற்குப் பெயர் என்ன?

கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு ஓட்டலில் சர்வராக இருந்து காசு சேர்த்து, மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பார்த்துத் தொழில் படித்தார் என்று எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். பேசலாம். ஆனால் எல்லாப் பையனும் ஜி.டி.நாயுடு ஆக முடியாது. பெரும்பாலான பையன்களுக்குக் கதவைத் திறந்துவிட ஒரு ஆள் தேவை.

சட்டம் இருக்கிறது, தெரியுமா?

கதவைத் திறக்கச் சட்டமே இருக்கிறது. 1961-ல் வந்த அப்ரண்டிஸ் சட்டம்.

30 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனம், நூற்றுக்கு இரண்டரை முதல் 15 பேர் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 4 பேர் இருந்தாலே போதும், சின்னப் பட்டறையும் விருப்பப்பட்டால் எடுக்கலாம். 2019-ல் விதியைத் திருத்தி இப்படி எளிதாக்கினார்கள்.

ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் என்று அந்த 2019 விதி சொன்னது. 2016-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, அதில் கால் பங்கு, அதாவது 1,500 ரூபாய் வரை அரசாங்கமே தருகிறது.

பட்டறைக்காரர்கள் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. "பையனைச் சேத்தா பி.எஃப்., இ.எஸ்.ஐ.ன்னு வந்து நிப்பாங்களே" என்கிறார்கள். பதிவு செய்து சேர்த்த அப்ரண்டிஸ் பயிற்சியாளர்தான். வேலையாள் கணக்கில் வரமாட்டார். பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் பட்டறையில் பையனுக்குக் கைகால் அடிபட்டால் நஷ்டஈடு உண்டு. அது நியாயம்தானே?

பயிற்சி முடிந்து பரீட்சை எழுதித் தேறினால் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ். அதுதான் "முன் அனுபவம்". ரயில்வே பட்டறைகளில் இப்படி அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ரயில்வேயின் அடிமட்ட வேலைத் தேர்வில் நூற்றுக்கு 20 இடம் ஒதுக்குகிறார்கள். பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் என்று தெற்கு ரயில்வே அறிவிப்பு வரும்போது எழுத்துப் பரீட்சை கிடையாது. பத்தாவது மார்க்கும் ஐ.டி.ஐ. மார்க்கும் பார்த்தே எடுக்கிறார்கள். இந்த விவரம் பொட்டிபுரம் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறதா?

பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வயரிங் தொழிலே சாட்சி. மின்கம்பியாள் உதவியாளர் பரீட்சை எழுத 21 வயசும் 5 வருஷ அனுபவமும் வேண்டும். கம்பி இழுத்து, சுவர் வெட்டி, பத்து வருஷம் உழைத்தவன் இருக்கிறான். ஆனால் அந்தப் பத்து வருஷத்துக்குத் துண்டுக் காகிதம் இல்லை. உழைப்பு அவனுடையது; லைசென்ஸ் இன்னொருவருடையது. இந்த அநியாயம் பதிவு இருந்தால் நடக்காது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பதினான்கு வயசு நிரம்பாத பிள்ளையை டீ வாங்கவும் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கவும் பட்டறையில் வைப்பது குற்றம். பதினெட்டு நிரம்பாதவனை ஆபத்தான வேலையில் விடுவதும் குற்றம். "தொழில் கத்துக்கொடுக்கிறேன்" என்ற பேச்சு அதற்குச் சாக்கு ஆகாது. எடுபிடிப் பையன் வேறு. அப்ரண்டிஸ் வேறு.

செய்ய வேண்டியது

ஜெர்மனியில் தொழில் படிக்கும் பையன் வாரத்தில் மூன்று நாலு நாள் தொழிற்சாலையில் இருப்பான். ஒன்றிரண்டு நாள் பள்ளிக்குப் போவான். மாதச் சம்பளமும் வாங்குவான். அங்கே படிப்பும் அனுபவமும் ஒன்றாகவே வளருகின்றன. இங்கே முதலில் படிப்பு, பிறகு அலைச்சல், கடைசியில் ஜீப்!

அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், போடி அளவுக்குச் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது.

முதலாவது, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் தேனியில் உட்கார்ந்து மனுவுக்குக் காத்திருந்தால் போதாது. மாதம் ஒரு தடவை போடியிலும், பொட்டிபுரம் மாதிரி ஊராட்சிகளிலும் முகாம் போட வேண்டும். இந்தப் பதிவெல்லாம் இன்டர்நெட்டில்தான் நடக்கிறது. பட்டறைக்காரருக்கு கிரீஸ் கையோடு அதைத் தட்ட நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. அதிகாரியே போய் பதிவு செய்து தரட்டும்.

இரண்டாவது, ஏலக்காய் வியாபாரிகள். ஸ்டோரும் கிடங்கும் ஜெனரேட்டரும் வைத்திருப்பவர்கள் தனித்தனியாக எடுக்கச் சிரமம் என்றால், நாலைந்து பேர் சேர்ந்து பையன்களைச் சுழற்சியாகப் பழக்கலாம். எந்திரம் நின்றால் மதுரையிலிருந்து ஆள் வரும்வரை காய் காத்திருக்காது. உள்ளூரில் ஒரு பையன் தயாரானால் லாபம் யாருக்கு?

மூன்றாவது, பெண் பிள்ளைகள். கிடங்கில் உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கும் பெண்ணின் கண், எட்டு மில்லி மீட்டர் காயையும் ஏழு மில்லி மீட்டர் காயையும் பார்த்ததுமே பிரித்துவிடுகிறது. அப்படிப்பட்ட கைக்கும் கண்ணுக்கும் மோட்டார் காயில் கட்ட வராதா? மீட்டர் பார்க்க வராதா? கேட்டுப் பார்த்தவர் யார்?

நாலாவது, ஏற்கெனவே வருஷக்கணக்கில் வேலை பார்த்தும் காகிதம் இல்லாதவர்கள். இவர்கள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்பரீட்சை எழுத வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.க்காரர்கள் அவர்களைத் தேடிப் போய் எழுதவைக்க வேண்டும்.

கடைசியாகப் பெற்றோர். முதல் வருஷம் பட்டறையில் வரும் காசு, மலைக் கூலியைவிடக் குறைச்சலாகத்தான் இருக்கும். உண்மையை மறைக்க வேண்டாம். ஆனால் மலைக் கூலி பத்து வருஷம் கழித்தும் கூலிதான். தொழில் தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு. அந்த ஒரு வருஷத்தை வீடு பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். தாண்டுவதற்கு அரசாங்கமும் கைகொடுக்க வேண்டும். உதவித்தொகை மாதம் தவறாமல், தேதி தவறாமல் வந்தால்தான் ஏழை வீடு பொறுக்கும். மூணு மாசம் தாமதமானால் பையன் நாலாவது மாசம் ஜீப்பில் இருப்பான்.

போடியில் இன்றைக்கு நல்ல மெக்கானிக் என்று பெயர் எடுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், ஒரு காலத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்தபோது ஒரு மேஸ்திரி இடம் கொடுத்தார். நட்டைத் தப்பாக முடுக்கினபோது திட்டினார். ஆனால் துரத்தவில்லை. அந்தக் கடனை அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்த பையனுக்குத்தான் கொடுக்க முடியும்.

ஒரு பட்டறை, ஒரு பையன், ஒரு வருஷம். போடி வியாபாரிகளும் பட்டறைக்காரர்களும் இதற்கு மனசு வைத்தால், அடுத்த ஆடியில் மலையேறும் ஜீப்பில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும். அதே ஜீப்பை ரிப்பேர் பார்க்க ஊரில் ஆளும் இருக்கும்.